கால்வாயில் விழுந்தது யார்?

"சாகப்போறவன் இவ்வளவு ருசிச்சுச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை, அக்கா" என்றான் உதவியாளன் முயல்.

மரக்கூண்டுக்குள் இருந்தவன் சோள ரொட்டியைச் சுருட்டி, மிளகாய்ச் சாற்றில் தோய்த்து, வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தான். வெயில் சாய்ந்ததும் சந்தை நடுவில் கல்லால் அடித்துக் கொல்லப்பட வேண்டியவன் அவன். அவனோடு ஒரு பெண்ணும்.

சிமால்மா கூண்டுக்கு முன் குந்தி உட்கார்ந்தாள். ட்லாட்டெலோல்கோ பெருஞ்சந்தையில் அவள் நடந்து வந்தால் பாதிக் கடைகளில் பேச்சு நிற்கும். கொக்கு இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி விலையுயர்ந்த கெட்சால் பறவையின் இறகு என்று விற்றவனை ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பிடித்தவள். சந்தை விசாரணைக்காரி என்ற பதவிக்கு வந்த நாளிலிருந்து அவள் யார் சொன்னதையும் முதல் தடவையிலேயே நம்பியதில்லை.

அவள் உதவியாளனுக்கு முயல் என்று பேர் வந்தது 'இரண்டு முயல்' நாளில் பிறந்ததால். அந்த நாளில் பிறந்தவன் குடித்தே அழிவான் என்று பூசாரி அவன் தொட்டிலருகிலேயே சொல்லிவிட்டார். முயல் இன்றுவரை கள்ளைத் தொட்டதில்லை. ஆனால் கீழே எங்காவது இடறி விழுந்தால் ஊரே தலையாட்டும்.

வழக்கு இதுதான். போச்லான் தெரு வணிகன் ஒசெலோ ஆறு மழைக்காலங்களுக்கு முன் தெற்கே சரக்கு கொண்டு போனான். திரும்பவில்லை. வீட்டையும் சரக்கு அறைகளையும் வியாபாரத்தையும் அவன் மனைவி கோஸ்காதான் நடத்திவந்தாள். சில வாரங்களுக்கு முன், கன்னத்தில் தீக்காயத் தழும்போடு ஒருவன் வாசலில் வந்து நின்று "நான்தான் ஒசெலோ" என்றான். கோஸ்கா கதவைத் திறந்துவிட்டாள். நேற்று ஒசெலோவின் தம்பி தெக்வான் வெளியூரிலிருந்து வந்து அவனைப் பார்த்தான். பார்த்ததும் தெருவே கேட்கும்படி கத்தினான்: "இவன் என் அண்ணன் இல்லை!"

போலிக்கு மரணம். போலியோடு வாழ்ந்த மனைவி விபசாரி, அவளுக்கும் மரணம். சொத்து தம்பிக்கு.

வணிகர் சபைத் தலைவர் காலையில் சிமால்மாவைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். "குத்தம் செஞ்சவ அழுவா. செய்யாதவ கத்துவா. இவ வாயே திறக்கலை. அது எனக்குப் பிடிக்கலை" என்று மட்டும் சொன்னார்.

"உன் பேரு என்ன?" சிமால்மா கூண்டுக்காரனைக் கேட்டாள்.

"ஒசெலோ. போச்லான் தெரு."

"தனியா இருக்கும்போது பொண்டாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவே?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "அதையெல்லாம் வெளியில சொல்லுவாங்களா?"

"இது வெளியில்லை. உள்ளே" என்று கூண்டுக் கம்பைத் தட்டிக் காட்டினான் முயல்.

"கல்யாணத்தன்னிக்கு யாரு மழையில வழுக்கி விழுந்தது?"

"ஞாபகமில்லை. ஆறு வருஷம் அலைஞ்சிருக்கேன்."

"சரி, சின்ன வயசு ஞாபகமாவது இருக்கா?"

மடை திறந்தது. நாயின் பெயர், அம்மாவின் அம்மிக்கல்லில் விழுந்த விரிசல், பள்ளியில் கற்றாழை முள்ளால் வாத்தியார் குத்திய இடம் எல்லாம் வந்தன. தயங்காமல் வந்தன.

"ஒருநாள் கால்வாயில விழுந்துட்டேன். அல்லித் தண்டு வலது கால்ல பாம்பு மாதிரி சுத்திக்கிச்சு. கரையில அத்தனை பேரும் வாயைப் பிளந்துகிட்டு நின்னாங்க. தம்பி தெக்வான்தான் குதிச்சான். தண்டைப் பல்லாலயே கடிச்சு அறுத்து என்னை இழுத்துப் போட்டான்."

"வீரன்தான்" என்றாள் சிமால்மா. "வீட்டுல சாப்பாடெல்லாம் எப்படி?"

அவன் முகம் சுருங்கியது. "அதை ஏன் கேக்கறீங்க? வந்த நாள்லேர்ந்து பானை அடியில ஒட்டின தமாலே கொழுக்கட்டைதான். படுக்கை சரக்கு அறையில. ஊர் திரும்பின வணிகனுக்கு வைக்கிற கால் கழுவுற விருந்து முடியறவரைக்கும் தனியாத்தான் படுக்கணுமாம். அந்த விருந்தோ நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போச்சு."

முயல் விசிலடித்தான். "பானையில ஒட்டினதைத் தின்னா ஆம்பளை விடுற அம்பு குறி தப்பிடும். எங்கம்மா எங்கப்பாவை உலக்கையால அடிச்சிருக்கா. ஆனா ஒட்டின தமாலேயை மட்டும் போட்டதில்லை."

சிமால்மா எழுந்தாள். கூண்டைவிட்டுத் தள்ளி வந்ததும் முயல் கிசுகிசுத்தான்.

"அவனே சொல்லிட்டானே, அந்தம்மா அவனைத் தொடவிடலைன்னு. வழக்கு முடிஞ்சுதா?"

"பொய்யன் வாயில வர்ற நிஜத்தைச் சபை எடுத்துக்காது. நீ வேற ஒண்ணைக் கவனி. கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாம் தெரியுது. கல்யாணத்துக்கு அப்புறம் ஒண்ணும் தெரியலை."

"என் மச்சானும் அப்படித்தான்" என்றான் முயல். "ஒருவேளை தெற்கே எங்கயாவது அசல் ஒசெலோகூட நெருப்பு காய்ஞ்சுகிட்டே கதை கேட்டிருப்பானோ?"

"இருக்கலாம். இல்லைன்னா யாரோ உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்திருக்கணும். யாருன்னு தெரிஞ்சா போதும்."

தோணி போச்லான் தெருக் கால்வாயில் நுழைந்தது. ஒசெலோ வீட்டு வாசலில் இரண்டு தடியர்கள் நின்றார்கள். சபைக் காவலர்கள் இல்லை. தெக்வானின் ஆட்கள்.

"அண்ணி ஓடிடக் கூடாதுன்னு தெக்வான் ஐயாதான் நிறுத்தியிருக்காரு" என்றான் ஒருவன்.

"ரொம்பப் பாசம்" என்றபடி முயல் அவன் கைக்கடியில் குனிந்து உள்ளே போனான்.

கோஸ்கா பருத்திப் போர்வைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சாகப்போகிற வீட்டுக்காரி செய்கிற வேலையாக அது இல்லை. அவள் எழுந்து அவர்களைக் கடந்து போய்ப் பாயை விரித்தாள். முயல் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"சரக்கு அறையில எலி ஏதும் செத்துக் கிடக்கா, அக்கா?"

"வாயை மூடு."

சிமால்மா கோஸ்காவின் பக்கத்தில் போனாள். தோளில் ஒட்டிய பஞ்சை எடுப்பதுபோல் அவள் பின்னலைக் கையில் எடுத்தாள். ஒரு கணம் பிடித்திருந்து விட்டுவிட்டாள். விரல்களைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஆளு உன் புருஷனா?"

 கோஸ்காவின் கண் வாசலுக்குப் போய் வந்தது. தடியர்களின் நிழல் வாசற்படியில் விழுந்திருந்தது.

"சரி. அதை விடு. ஒசெலோ சின்ன வயசுல கால்வாயில விழுந்தாராமே?"

எதிர்பாராமல் கோஸ்காவின் உதட்டோரம் அசைந்தது. "விழுந்தது அவரில்லை. தெக்வான். இவர்தான் குதிச்சுத் தூக்கினாராம். விருந்துக்கு விருந்து சொல்லுவார். வாத்துக்குஞ்சு மாதிரி தலைகீழா மிதந்தான்னு நடிச்சுக் காட்டுவார். எனக்கு மனப்பாடம்."

"ரெண்டுல எது நிஜம்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் வெளியூரு, அஸ்கபொட்சால்கோக்காரி. ஆனா ஒண்ணு, ஆம்பளைங்க சொல்ற கதையில எவன் சொல்றானோ அவன்தானே நீந்துவான்?"

சிமால்மா அவளை உற்றுப் பார்த்தாள். கோஸ்கா மறுபடியும் போர்வையை எடுத்தாள். அவர்கள் கிளம்பும்போது மட்டும், தலை நிமிராமல், "அந்தக் கூண்டுக்காரனைக் கொல்லவிடாதீங்க" என்றாள்.

"பாத்தீங்களா!" என்றான் முயல், தோணியில் ஏறியதும். "கள்ளப்புருஷன்மேல இருக்கிற அக்கறையை! ஒட்டின தமாலே போட்டாலும் பாசம் போகலை."

"இல்லைடா. நாம பொருளைத் தேடிட்டிருக்கும்போது விளக்கை அணைக்காதேன்னு சொல்றா."

சபை மண்டபத்துப் படிக்கட்டில் தெக்வானே எதிரில் வந்தான். மேல்நோக்கிக் கட்டிய கொண்டை மின்ன, கையில் பூச்செண்டு. செண்டின் ஓரத்தை மட்டும் முகர்ந்தான். நடுப்பூ கடவுளுக்கு. முறை தவறாத மனிதன்.

"அம்மா, சீக்கிரம் முடிச்சிடுங்க. அண்ணியை நினைச்சா ராத்திரி தூக்கமில்லை. கல்லடிக்கு முன்னாடி மயக்கப் பச்சிலை கொடுக்கச் சொல்லி நானே கேட்டிருக்கேன்."

"நல்ல மனசு" என்றாள் சிமால்மா. "உங்க அண்ணனுக்கும் அப்படித்தானாமே. நீங்க சின்ன வயசுல கால்வாயில விழுந்தப்போ அவர்தான் குதிச்சுக் காப்பாத்தினாராமே?"

தெக்வானின் கழுத்து நரம்பு புடைத்தது.

"யாரு சொன்னது? அண்ணனா? அவன் எல்லா விருந்துலயும் அப்படித்தான் பீத்திக்குவான்! விழுந்தது அவன்! அல்லித் தண்டு அவன் வலது கால்ல பாம்பு மாதிரி சுத்திக்கிச்சு. அத்தனை பேரும் வாயைப் பிளந்துகிட்டு நின்னாங்க. நான்தான் குதிச்சேன். பல்லாலயே கடிச்சு அறுத்தேன். ஊர்ல எவனும் இதை நம்பமாட்டேங்கிறான்!"

"நான் நம்பறேன்" என்றாள் சிமால்மா.

முயல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

மண்டபத்தில் வணிகர் சபை கூடியிருந்தது. தெற்கு வழியில் காதையோ விரலையோ இழந்த முதியவர்கள். கூண்டுக்காரனைக் கட்டி ஒருபக்கம் உட்கார வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் கோஸ்கா. வெளியே சிறுவர்கள் கல் பொறுக்கிக் குவிக்கும் சத்தம் கேட்டது.

தெக்வான் அழுதபடியே குற்றம் சொல்லி முடித்தான். தலைவர் சிமால்மாவைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க தெற்கே போயிருந்தப்போ உங்க வீட்டுக்காரம்மா தலைக்குக் குளிச்சாங்களா?"

சபையில் சலசலப்பு. "என்ன கேள்வி இது? வழியில இருக்கிறவன் திரும்பி வர்றவரைக்கும் எந்த வணிகன் வீட்டுல தலைக்குக் குளிப்பாங்க? நடுவுல ஏதோ ஒரு நாள், விதிச்ச அன்னிக்கு மட்டும்" என்றார் தலைவர்.

"நீங்க திரும்பி வந்ததும்?"

கிழவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனது. "நான் வாசல் படி ஏறுறதுக்குள்ள தலைக்குத் தேய்க்கிற நுரைவேரை இடிக்க ஆரம்பிச்சிட்டா."

"கோஸ்காவோட பின்னலைத் தொட்டுப் பாருங்க."

யாரும் எழவில்லை. கடைசியில் தலைவரே இறங்கி வந்தார். பின்னலைக் கையில் எடுத்தார். அடுப்புப் புகையும் அழுக்கும் எண்ணெய்ப்பிசுக்கும் ஏறிக் கயிறுபோல் முறுக்கிக் கிடந்தது. அவர் அதை மெதுவாக, மரியாதையோடு, கீழே விட்டார்.

"ஒருநாள்ல சேர்ற அழுக்கு இல்லை இது" என்றாள் சிமால்மா. "இந்த ஆளு வாசல்ல வந்து நின்ன அன்னிக்கும் இவ குளிக்கலை. அதுக்கப்புறமும் குளிக்கலை. இவளைப் பொறுத்தவரைக்கும் புருஷன் இன்னும் வழியிலதான் இருக்கான். வந்தவனைச் சரக்கு அறையில படுக்கவச்சு, ஒட்டின தமாலே போட்டிருக்கா. இது விபசாரமா?"

"புருஷனைத் தலைமுழுகினவ கதை நிறைய உண்டு" என்றான் முயல். "தலையே முழுகாதவ மேல எப்படிங்க வழக்கு போடுறது?"

முதியவர்களிடையே முதல்முறையாகச் சிரிப்பு கிளம்பியது. தெக்வான் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கடவுள் காப்பாத்திட்டார்! அண்ணி மேல தப்பில்லைன்னா எனக்கு அதைவிட சந்தோஷம் வேற என்ன? ஆனா இவன் போலிதானே? இவனை இப்பவே முடிச்சிடுங்க!"

"என்ன அவசரம்?" சிமால்மா கூண்டுக்காரன் பக்கம் திரும்பினாள். "அந்தக் கால்வாய்க் கதையை இன்னொருதரம் சொல்லு."

அவன் தெக்வானைப் பார்த்தான். பிறகு சொன்னான். அல்லித் தண்டு, வலது கால், பாம்பு, பல்.

"சபையில எத்தனை பேர் ஒசெலோ விருந்துல சாப்பிட்டிருக்கீங்க? அவர் எப்படிச் சொல்லுவாரு?"

"வாத்துக்குஞ்சு!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. "தம்பிதான் விழுந்தான்!"

"அசல் ஒசெலோகிட்ட கதை கேட்டவன் வாத்துக்குஞ்சைத்தான் சொல்லியிருப்பான். ஒசெலோவைச் சித்திரவதை பண்ணிக் கேட்டிருந்தாலும் வாத்துக்குஞ்சுதான் வந்திருக்கும். தெக்வான் வீரனா இருக்கிற கதையைச் சொல்றவன் உலகத்துல ஒருத்தன்தான். இப்போ படிக்கட்டுலகூட எங்கிட்டச் சொன்னாரு. வார்த்தை மாறலை."

"நானும் கேட்டேன்" என்றான் முயல். "பாம்புகூட அதே பாம்பு."

கட்டுண்டவன் துள்ளி எழுந்தான். "டேய்! என்னை இப்பவே முடிக்கச் சொல்றியா? காவல்காரனுக்குச் சொல்லி அவிழ்த்துவிடுறேன், சால்கோவுக்குத் தோணி தயார்னு சொன்னியேடா! ஐயா, என் பேரு தோதோ. சந்தை சந்தையா வேஷம் கட்டி ஆடுறவன். இவர்தான் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தாரு. அண்ணியை மிரட்டி வீட்டை எழுதி வாங்கத்தான்னு சொன்னாரு. கல்லடி வரும்னு சத்தியமாத் தெரியாது!"

தெக்வான் வாசல் பக்கம் நகர்ந்தான். அங்கே சபைக் காவலர்கள் நின்றார்கள்.

சிமால்மா வழக்கு முடிந்தது என்று நினைத்தாள். அப்போது கோஸ்கா எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கணும்."

அவள் குரலைச் சபை அன்றுதான் கேட்டது. அவள் தெக்வானுக்கு நேராக வந்து நின்றாள்.

"ரெண்டு மழைக்கு முன்னாடி நீ தெற்கேயிருந்து வந்தே. அண்ணனை எங்கயும் பார்க்கலைன்னு சொன்னே. மறுநாள் காலையில கோயில் குளத்துல நீ தலைக்குக் குளிச்சதை நான் பார்த்தேன். கூடப்பிறந்தவன் வழியில இருக்கும்போது நீயும் தலையை நனைக்கக் கூடாது. எதுக்காகக் குளிச்சே?"

"மறந்து... மறந்துட்டேன், அண்ணி."

"பூவை எப்படி முகரணும்னுகூட மறக்காத ஆளு நீ." அவள் குரல் உயரவில்லை. "அன்னியிலேர்ந்து எனக்குத் தெரியும், உனக்கு ஏதோ தெரியும்னு. ஆனா அதை வச்சு யார்கிட்டப் போறது? அப்புறம் இவன் வந்தான். அவரோட நாய் பேரெல்லாம் சொன்னான். யார் அனுப்பினதுன்னு அன்னிக்கே புரிஞ்சுது. அவர் திரும்பி வரவேமாட்டார்னு நிச்சயமாத் தெரிஞ்சவன்தான் அவர் இடத்துக்கு ஒருத்தனை அனுப்புவான். உள்ளே விட்டேன். என்னிக்காவது வாய் தவறிச் சொல்லுவான்னு காத்திருந்தேன். நேத்து நான் இவன் போலின்னு கத்தியிருந்தா அங்கேயே கொன்னிருப்பீங்க. அதான் பேசலை. இப்போ சொல்லு. அவர் எங்கே?"

  தலைக்குக் குளித்து மின்னிய அந்தக் கொண்டையைப் படிக்கட்டில் சிமால்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கடந்து வந்திருந்தாள்.

"காய்ச்சல்" என்றான் தெக்வான். "தோச்தெபெக் தாண்டி. சுமைக்காரங்க பயந்து ஓடிட்டாங்க. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்? ஆத்துக்கு மேல ஒரு மேடு, பெரிய இலவ மரம் நிக்கும். அங்கே விட்டுட்டு வந்தேன்."

"அவன் சரக்கு?" என்றார் தலைவர்.

தெக்வான் தரையைப் பார்த்தான்.

தலைவரின் குரல் தடித்தது. "முறைப்படி செஞ்சியா? வழியில செத்த வணிகனுக்கு முகத்துல செஞ்சாந்து பூசி, மரச்சட்டத்துல கட்டி, சூரியன் பார்க்க மேட்டுல நிறுத்தணும். செஞ்சியா?"

"செய்யலை."

"ஏன்?"

"உயிரோட இருக்கிறவனுக்கு எப்படிய்யா பூசுறது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டது. கை தானாக வாய்க்குப் போனது.

முதியவர்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தலைவர் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கினார். வெளியே குவித்த கற்கள் வீணாகப் போவதில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. கோஸ்கா மட்டும் அதைக் கேட்கவில்லை.

"நாளைக்குத் தெற்கே போற கூட்டம் எப்போ கிளம்புது?" என்று முயலிடம் கேட்டாள்.

"விடியறப்போம்மா. ஏன்?"

"எனக்குச் சுமைக்காரன் வேணும்." அவள் தோதோவைக் காட்டினாள். "இவனைக் கொடுங்க. முதுகு நல்லாத்தான் இருக்கு. இத்தனை நாள் என் சோத்தைத் தின்னிருக்கான்."

"ஒட்டினதை மட்டும்" என்றான் தோதோ. பிறகு அவசரமாக, "வரேன்மா. எங்க வேணாலும் வரேன்" என்றான்.

தலைவர் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார். "பொம்பளைங்க அந்த வழியில போனதில்லை, கோஸ்கா. காடு. பாஷை தெரியாத ஊருங்க. ரெண்டு மழை ஆயிடுச்சு. அங்கே எலும்புகூட இருக்காது."

"இருக்காதுதான்" என்றாள் அவள். "இல்லைன்னா, மேட்டுக்குக் கீழே ஏதாவது குடிசையில எவளாவது அவருக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு இருப்பா. எதுன்னு நான் போய்ப் பார்க்கணும். அந்த மரம் வரைக்கும் என்னைத் தடுக்காதீங்க. அதுக்கப்புறம் யார் வேணாலும் தடுத்துக்குங்க."



 கிழவர் சுவரோரம் சாத்தி வைத்திருந்த தன் கருங்கழியை எடுத்தார். தெற்கு வழியெங்கும் வணிகர் சபையின் கழியை ஏந்தி வருகிறவரை எந்த ஊர்க் காவலனும் நிறுத்தமாட்டான். இரு கையாலும் அதை நீட்டினார்.

கோஸ்கா வாங்கிக்கொண்டாள். அது நினைத்ததைவிடக் கனமாக இருந்திருக்க வேண்டும். ஒருமுறை தரையில் ஊன்றிப் பார்த்தாள். பிறகு போர்வைகளைக் கட்டி முடிக்க வீட்டுக்குக் கிளம்பினாள்.